கற்பூர மரமும் அம்மாவின் முட்டி வலியும்

பிப்ரவரி 6, வெள்ளி: கல்லாறு, குன்னூர்

திருப்பூரில் எனக்கு நான்கு மேசை போட்ட ஒரு சின்ன பிரிண்டிங் பட்டறை இருக்கிறது. பனியனில் படம் அடித்து முடித்ததும், மை இறங்குகிற வலைச் சட்டமான ஸ்கிரீனைத் தின்னர் விட்டுத் துடைக்க வேண்டும், அந்த வாசத்திலேயே இருபது வருடமாகச் சோறு தின்கிறேன். போன வருடக் கடைசியில் தலைவலி தாங்காமல் டாக்டரிடம் போனால், "மொதல்ல அந்தத் தின்னரை விடுங்க" என்றார். விட்டுவிட்டு எதை வைத்துத் துடைப்பது என்று அவர் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் புது டப்பா ஒன்றில் ஸ்டிக்கர் பசை போகாமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது அம்மா தன் யூகலிப்டஸ் தைல பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுத் துணியால் ஒரு இழு இழுத்தார். பசை போய்விட்டது, டப்பாவில் அச்சடித்திருந்த எழுத்திலும் பாதி போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் இது. தைலம் காய்ச்சுகிற இடத்துக்கே போய், கடை லாபம் இல்லாமல் கேன் கணக்கில் வாங்கிவந்து ஸ்கிரீனில் தேய்த்துப் பார்ப்பது.

ஊட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாவும் கிளம்பிவிட்டார். "நானும் வர்றேன் சாமி, முட்டிக்கு அந்த வலித் தைலம் வாங்கோணும்." கூடவே ஒரு தூக்குப் போசி நிறையப் புளிசாதம்.

கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். நீலகிரிக்குள் வெளி வண்டி போக இ-பாஸ் வேண்டும் என்பது 2024 மே மாதத்திலிருந்து இருக்கிற விஷயம், எனக்கும் தெரியும், எடுக்கத்தான் மறந்துபோனேன். அங்கேயே போனில் பதிவு செய்யலாம் என்றார்கள். ஓடிபி வரவில்லை, வந்தது காலாவதி, மறுபடி வரவில்லை. நாற்பது நிமிடம். அதற்குள் வண்டியிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை ஒரு பெண் வந்து வாங்கிக்கொண்டார், மலையில் அவற்றுக்குத் தடை. கோபத்தில் ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்து அம்மா அந்தப் பெண்ணுக்கே இலையில் புளிசாதம் வைத்துக் கொடுத்துவிட்டார். "டூட்டில சாப்பிடக் கூடாதுங்கம்மா" என்றவர் தூணுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, எங்கள் எவர்சில்வர் குடத்தில் தானே தண்ணீர் பிடித்து வைத்தார்.

குன்னூரில் அறை 1,400 ரூபாய். சுடுதண்ணீர் காலை ஏழு மணிக்கு மேல்தான், அதற்கு முன் வேண்டுமானால் வாளிக்கு 30 ரூபாய். குளிருக்குப் பயந்து குளிக்காமலே படுத்தேன்.

பிப்ரவரி 7, சனி: அரவங்காடு, ஊட்டி

குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில் அரவங்காடு. 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. கார்டைட் என்பது துப்பாக்கிக் குண்டைத் தள்ளுகிற வெடிமருந்து. அதன் சரக்குகளைப் பிசைந்து நூல் நூலாக இழுக்க அசிட்டோன் தேவைப்பட்டது. நம் பட்டறைகளில் கறை எடுக்க வைத்திருக்கிறோமே, அதே அசிட்டோன். அந்தக் காலத்தில் உலகத்தில் அதைப் பெரும்பாலும் மரத்திலிருந்துதான் எடுத்தார்கள். மரத்தைக் காற்றுப் படாமல் மூடிய கலத்தில் போட்டு வாட்டினால் வருகிற புகையைக் குளிரவைத்தால் ஒரு புளித்த திரவம் கிடைக்கும், அதற்குள் மர வினிகர், மரச் சாராயம் என்கிற மெத்தனால், தார் எல்லாம் இருக்கும். அந்த வினிகரைச் சுண்ணாம்போடு சேர்த்து உப்பாக்கி, அதை மறுபடி சூடாக்கினால் அசிட்டோன். நாற்பது ரூபாய் நகப்பூச்சு ரிமூவருக்கு இவ்வளவு பெரிய வம்சம்.

ஊட்டியில் வண்டியை நிறுத்தியதும் முதலில் டீயும், வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டியும். டீ 15, வர்க்கி ஒன்று 8. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், ஆனால் நாங்கள் தின்றது நேற்றைய சரக்கு போல, நமுத்துப் போயிருந்தது. டீக்கடைக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "இதை வைங்கம்மா, சூடா வருது" என்று வேறு எடுத்துக்கொடுத்தார், காசு வாங்கவில்லை.

தைலக் கடைகளைச் சொல்லி மாளாது. தேயிலை, சாக்லேட், தைலம் என்ற மூன்றும் எல்லாக் கடையிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 100 மி.லி. ஒரு கடையில் 180, அடுத்த கடையில் 250, தள்ளுவண்டியில் 90. தொண்ணூறு ரூபாய்க்காரரிடம் அம்மா கையை நீட்டியபோது பக்கத்துக் கடையிலிருந்த ஒரு பெரியவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். உள்ளே போய் உட்கார்ந்தோம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பேசினார். மருந்துக் கம்பெனிகளுக்குத் தைலம் வாங்கி அனுப்புகிற வியாபாரமாம்.

"சார், ஒரு வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு விட்டுட்டுக் காத்திருங்க. நல்ல தைலம்னா பறந்து போயிடும், தடம் இருக்காது. எண்ணெய்க் கறை நின்னா வேற எண்ணெய் கலந்திருக்கான்னு அர்த்தம்."

"அப்ப கறை இல்லைன்னா நம்பலாமுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"அதான் இல்லைம்மா. டர்பன்டைன் கலந்தாலும் பறந்துதான் போகும்."

டர்பன்டைன் என்றதும் நான் புகுந்துகொண்டேன், அது நம்ம துறை. பைன் மரத்தைக் கீறி வடிகிற பாலைக் காய்ச்சினால் மேலே ஆவியாகி வருவதுதான் டர்பன்டைன், கீழே தங்குவது ரோசனம். ஆனால் பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று வாங்குகிறோமே, அதில் பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரிகிற ஒரு பகுதிதான் இருக்கும். பைன் மரத்தை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெரியவர் சிரித்தார். "உங்க சரக்கு மட்டும் இல்ல சார், எங்க சரக்கும் அப்படித்தான்."

அவர் சொன்னது இது. உலகச் சந்தையில் யூகலிப்டஸ் எண்ணெய் என்ற பெயரில் புழங்குவதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அதில் கணிசமான சரக்கு யூகலிப்டஸ் மரத்திலிருந்து வருவதே இல்லை, அங்கே வளர்கிற கற்பூர மரத்தின் எண்ணெயைக் காய்ச்சி வடிக்கிற வாலையில் பகுதி பகுதியாகப் பிரித்து, சினியோல் அதிகம் உள்ள பகுதியை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள். தைலத்தின் உயிரே சினியோல்தான், ஐரோப்பிய மருந்துத் தரத்துக்கு அது குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். எந்த மரத்தில் வந்தால் என்ன, கம்பெனிக்காரன் சினியோலைத்தானே அளக்கிறான் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, விலையைச் சொன்னார், அதுவே பதில்.

இதில் அம்மாவுக்கு ஒரு குழப்பம். ஏனென்றால் நீலகிரிக்காரர்கள் யூகலிப்டஸை கற்பூர மரம் என்றுதான் சொல்கிறார்கள். கீழே நாம் தைல மரம் என்போம். "கற்பூர மரம்னா, சாமிக்குக் காட்டற கற்பூரம் இதுலதான் வருதுங்களா?"

இல்லை. வாசத்தை வைத்து யாரோ வைத்த பெயர் அது, இந்த மரத்தில் கற்பூரம் கிடையாது. நிஜக் கற்பூர மரம் சீனா, தைவான், ஜப்பான் பக்கத்து மரம். ஒரு காலத்தில் அதன் கட்டையைச் சீவி ஆவியில் வாலை வடித்துத்தான் கற்பூரம் எடுத்தார்கள். இன்று நம் பூஜைத் தட்டில் எரிவது பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்தது. பெரியவர் விரல்விட்டுச் சொல்லி முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப எதுதான் எதுல வருது?" என்றார்.

இரவு குளிர் தாங்கவில்லை. இரண்டு கம்பளி, காலுறை, அதற்கு மேல் என் ஜெர்கின். தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒன்று படித்தேன். ஆஸ்திரேலியாவில் ப்ரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரில் நூறு வருடத்துக்கு முன்பு துத்தநாகத் தாதுவைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து, துளி யூகலிப்டஸ் எண்ணெய் விட்டுக் காற்றை ஊதி நுரைக்க வைப்பார்களாம். உலோகத் துகள் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், வெறும் கல் கீழே தங்கும். சளிக்கு ஆவி பிடிக்கிற எண்ணெயை வைத்து மலை மலையாகத் தாதுவைப் பிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என் ஸ்கிரீன் எல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றியது, தைரியமாகத் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு: மஞ்சூர் சாலை

காலையில் புல்வெளி முழுக்க உப்புத் தூவினது போல உறைபனி. வண்டிக் கண்ணாடியில் படிந்ததை அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸ் பெட்டிக்குள்ள குடித்தனம் பண்றாங்க" என்றார்.

கடைக்காரப் பெரியவர் சொல்லி அனுப்பிய கொட்டகை மஞ்சூர் போகிற சாலையிலிருந்து இறங்கி, ஓர் ஓடையோரமாக இருந்தது. இடத்தைத் தேட வேண்டியதே இல்லை, முக்கால் கிலோமீட்டருக்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. மேலே தகரம், மூன்று பக்கம் சாக்கு, உள்ளே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பு, அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரை. கொப்பரை வாயிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு வெளியே போய், ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற தொட்டிக்குள் முங்கி, மறுபக்கம் ஒரு தகர டின்னில் முடிகிறது. அவ்வளவுதான் மொத்தத் தொழிற்சாலை.

நடத்துபவருக்கு ஐம்பது வயது இருக்கும். அப்பா இலங்கையில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். "அங்கயும் மலை, இங்கயும் மலை. அங்க தேயிலை மட்டும், இங்க இதையும் கத்துக்கிட்டம் தம்பி" என்றார். அம்மாவை ஒரு மரக்கட்டையில் சாக்கு விரித்து உட்காரவைத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

மரத்திலிருந்து இலையைப் பறிப்பதில்லை, தானாக உதிர்ந்த இலையைப் பெருக்கிக் கட்டி வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், கிலோவுக்கு நாலு ரூபாய் கூலி. கொப்பரைக்குள் அரை டன் இலையை ஒருவர் உள்ளே இறங்கி மிதித்து மிதித்து அமுக்குகிறார், இடைவெளி இருந்தால் ஆவி அந்த வழியாகவே ஓடிவிடும் என்று. பிறகு தண்ணீர், மூடி, விளிம்பில் களிமண் பூச்சு, தீ. எரிப்பதற்கு விறகுகூட இல்லை, முந்தின தடவை காய்ச்சி எடுத்துக் காயவைத்த இலைச் சக்கைதான்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குழாய் நுனியில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு நூல் போலப் பால் நிறத்தில் ஒரு ஒழுக்கு. டின்னுக்குள் விழுந்ததும் அது இரண்டாகப் பிரிகிறது. மேலே தெளிந்த தைலம், கீழே தண்ணீர். டின்னின் அடியில் ஒரு குழாய் வளைந்து மேலே ஏறி நிற்கிறது, தண்ணீர் அது வழியாகத் தானே வெளியேறிவிடும், தைலம் மட்டும் ஏறிக்கொண்டே வரும்.

சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும் என்று நான் முந்தின இரவு படித்திருந்தேன். இங்கே 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடும், பிறகு எப்படி இது வருகிறது? தண்ணீரும் தைலமும் ஒன்றோடொன்று கலக்காதவை என்பதால் இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி வெளிக்காற்றைத் தள்ளிவிடுகிறது, அதனால் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் கொஞ்சம் கீழேயே இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும். இதை நான் பெருமையாக விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "தீயைக் கூட்டிராதீங்க, அது ஒண்ணுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார். தீ கூடினால் ஆவி குளிர நேரம் கிடைக்காமல் தைலத்தோடு காற்றில் போய்விடும். பனிக்காலத்தில் ஓடைத் தண்ணீர் சில்லென்று இருப்பதால் நன்றாக இறங்குமாம். மழைக்காலத்தில் இலை நனைந்துவிட்டால் வேலையே இல்லை.

அரை டன் இலை, ஆறேழு மணி நேரம். ஐந்து லிட்டர் வந்தால் அது நல்ல நாள்.

மதியம் அவர் வீட்டிலிருந்து சோறு வந்தது, நாங்கள் மறுத்தும் விடவில்லை. சோறு, பருப்பு, காரமாக அரைத்த தேங்காய்ச் சம்பல், தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. கருவாட்டையும் மீறிக்கொண்டு தைலம் மணந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்குமா என்று அம்மா கேட்டார். "எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரித்தான் பிடிக்கும்மா" என்று அவர் மனைவி சிரித்தார்.

இந்த மரமே இங்கே வந்தேறிதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பக்கத்து மரத்தை 1843-ல் காட்டன் என்ற கேப்டன் ஊட்டிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். தைலத்துக்காக இல்லை, விறகுக்காக. வெள்ளைக்காரர்களும் படையும் வந்து சோலைக்காடுகளை வெட்டி அடுப்பெரித்ததில் விறகுப் பஞ்சம் வந்துவிட்டது, சீக்கிரம் வளர்கிற மரம் தேவைப்பட்டது. புல்வெளிகள் பல அப்படித்தான் மரக்காடாகின. இப்போது தண்ணீரைக் குடிக்கிறது, அந்நிய மரம், எடுக்க வேண்டும் என்கிற பேச்சு இருக்கிறது. சொல்கிறவர்கள் பக்கம்தான் என் மனசும், ஆனால் அந்தக் கொட்டகையில் சாப்பிட்டுவிட்டு அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவரே சொன்னார்: "எடுத்தா எடுக்கட்டும் தம்பி. ஒரே நாள்ல எடுத்துர மாட்டாங்க."

ஐந்து லிட்டர் கேன், லிட்டர் 1,100 ரூபாய். பேரம் பேசவில்லை. அம்மாவே பேசவில்லை, அது என் வாழ்நாளில் முதல் தடவை.

பிப்ரவரி 9, திங்கள்: கோத்தகிரி வழியாகக் கீழே

அம்மா கேட்ட வலித் தைலம் விண்டர்கிரீன், அந்தப் பெயருள்ள செடியின் இலையிலிருந்து எடுப்பது. அதையும் அதே கொப்பரையில் காய்ச்சுவார்களாம், ஆனால் அது வேறு குணம். பறித்த இலையில் வாசம் அடக்கம், உள்ளே சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் கட்டு அவிழ்ந்து அந்த வாசச் சரக்கான மெத்தில் சாலிசிலேட் வெளியே வரும், அதன் பிறகுதான் காய்ச்சி வடிப்பது. டின்னில் பார்த்தால் இது மேலே மிதக்காது, தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தண்ணீரை மேலே வழியவிட்டு எண்ணெயை அடியில் பிடிக்கிறார்கள். ஐம்பது மில்லி 250 ரூபாய்.

கடைக்காரப் பெரியவர் நேற்று முன்தினமே எச்சரித்திருந்தார், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று. ஒரு டீ ஸ்பூன் உள்ளே போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மற்றபடி நாம் தேய்க்கிற வலி பாம்களில் இருக்கிற இதே சரக்கு பெரும்பாலும் இலையிலிருந்து வருவதில்லை, மெத்தனாலையும் சாலிசிலிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்வது. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. முந்தாநாள் வாங்கிய அடியே போதும்.

கோத்தகிரி வளைவுகளில் இறங்கும்போதே கண் எரிந்தது. வழக்கமான தைல வாசம்தான் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினேன். மேட்டுப்பாளையத்தில் பின்கதவைத் திறந்தால், கேன் மூடி இளகி கால் லிட்டர் போல வழிந்திருக்கிறது. கேனைச் சாயாமல் வைக்கத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கியிருந்தேன், என் புத்திசாலித்தனம். பெட்டியின் ஒரு மூலையைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக, கையில் ஒட்டுகிற ஒரு பிசின் மட்டும் இருந்தது. தெர்மாகோலை இந்தத் தைலம் கரைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்த இரண்டு கிலோ ஊட்டி கேரட் பிழைத்துக்கொண்டது, அரை கிலோ வர்க்கி பிழைக்கவில்லை. லாட்ஜ் பில்லில் என் பெயர் அழிந்து தொகை மட்டும் நின்றது.

பிப்ரவரி 12, வியாழன்: திருப்பூர்

மூன்று நாளாகச் சோதனை. துடைக்கிறது, உண்மையாகவே துடைக்கிறது. காய்ந்த மை ஐந்து நிமிடம் ஊறினால் வழித்துக்கொண்டு வருகிறது, தலைவலி இல்லை. ஆனால் தின்னர் போல உடனே பறந்து போவதில்லை, ஸ்கிரீனில் ஈரம் நின்றுவிடுகிறது, அடுத்த நிறம் அடிக்கக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. விலையோ பத்து மடங்குக்கு மேல். மேசையில் நிற்கிற பையன் நேற்று, "அண்ணே, பட்டறை பூரா சளி புடிச்ச வூடு மாதிரி இருக்குதுங்க" என்றான். லோடு எடுக்க வந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

கடைசியில் கறை பிடிவாதம் செய்கிற இடத்துக்கு மட்டும் தைலம், மற்றதற்குத் தின்னரே என்று வைத்திருக்கிறேன். சுவரில் எக்சாஸ்ட் ஃபேன் போட ஆள் வரச் சொல்லியாயிற்று, அதை ஐந்து வருடத்துக்கு முன்பே போட்டிருக்கலாம்.

சாயங்காலம் கொட்டகைக்காரர் போன் செய்தார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா, இன்னொரு கேன் வேண்டுமா, வேண்டுமென்றால் மழைக்கு முன்னால் சொல்லுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "அந்த முட்டித் தைலம் ரெண்டு பாட்டில் சொல்லு சாமி. வர்க்கி நாம போறப்ப வாங்கிக்கலாம்."